நர்சின் வேலைப்பளு: அளவுகோல் யார் கையில்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட தொழிற்சங்க வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்பின் பொருள் ஆஸ்பத்திரி. அதிலும் ஐ.சி.யு. என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்ட தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே வேலை செய்யும் நர்சுகளின் வேலைப்பளுவை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவினால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"நாங்கள் மில்லில் நூல் நூற்கிறவர்கள், வயலில் நாற்று நடுகிறவர்கள். நர்சின் வேலைப்பளு எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, அந்தக் கட்டிலில் படுப்பவர்கள் நாம்தான். பூச்சிமருந்து அடித்து மயங்கி விழுந்தவர், வரப்பில் பாம்பு கடித்தவர், யந்திரத்தில் கை சிக்கியவர், வேலை முடிந்து வரும்போது லாரியில் அடிபட்டவர் — இவர்களெல்லாம் போய்ச் சேரும் இடம் அது. அங்கே உயிர் தங்குவது டாக்டரை மட்டும் பொறுத்ததல்ல. கட்டில் அருகே நிற்கும் நர்சுக்கு அந்த ஷிப்டில் எத்தனை கட்டில்கள் என்பதையும் பொறுத்தது.

இரண்டாவது, 'வேலைப்பளு' என்பது நம்முடைய சொல். பஞ்சாலைத் தொழிலாளி சங்கம் கட்டிய காலத்திலிருந்து இந்தச் சொல்லைச் சுமந்து வருகிறான். ஆகவே இந்த விஷயத்தில் நர்சுகளுக்குச் சொல்வதற்கு நம்மிடம் சில பாடங்கள் உண்டு. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு.

நமக்குத் தெரிந்த அளவுகள்

அளவு என்றால் என்ன என்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நெல்லாகக் கூலி வாங்கிய காலத்தில், வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று மிராசுதார் இரண்டு வைத்திருந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால்தான் முத்திரை போட்ட மரக்காலில் கூலியை அளந்து போடு என்று கோரிக்கை எழுந்தது. அளக்காதே என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்ட மரக்காலில் அள என்றுதான் சொன்னார்கள்.

நூறு நாள் வேலையில் மண் வெட்டிய தாய்மார்களுக்கு இன்னொரு பாடம் தெரியும். தோண்டிய குழியின் நீளம், அகலம், ஆழத்தை டேப் போட்டு அளந்தார்கள். மண்ணுக்குள் கிடந்த கல்லும் வேரும், உச்சி வெயிலும் அந்த டேப்பில் வரவில்லை. அளவில் வராதது கூலியிலும் வரவில்லை.

ஆலைத் தோழர்களுக்குத் தெரிந்த அளவு கடிகாரம். அமெரிக்காவில் டெய்லர் என்ற எஞ்சினீயர் தொழிலாளியின் பக்கத்தில் கடிகாரத்தோடு ஆளை நிறுத்தி ஒவ்வொரு அசைவையும் கணக்கெடுத்தார். பெத்லஹேம் உருக்காலையில் இரும்புக் கட்டி சுமந்த தொழிலாளி நாளொன்றுக்கு பன்னிரண்டரை டன் ஏற்றி வந்தான், அதை 47 டன் ஆக்கிக் காட்டினேன் என்று 1911-ம் ஆண்டில் வெளியிட்ட தம் புத்தகத்தில் அவரே பெருமையாக எழுதினார். கூலி எவ்வளவு உயர்ந்தது? 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர். சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. கடிகாரம் முதலாளியின் கையில் இருந்தால் கணக்கு இப்படித்தான் முடியும்.

நமக்கு நெருக்கமான இன்னொரு உதாரணத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிங் பிரேமில் இரண்டு சைடர்கள். இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் சைடுகள். ஒருவருக்கு நல்ல பஞ்சு, இழை அறுவது குறைவு. மற்றவருக்கு மட்டமான பஞ்சு, இழை அறுந்துகொண்டே இருக்கிறது. நிர்வாகத்தின் நோட்டில் இருவர் வேலையும் ஒன்று. உடம்பு சொல்லும் கணக்கு வேறு. இந்த உதாரணத்துக்கு மறுபடியும் வருவோம்.

ஐ.சி.யு. எப்படிப் பிறந்தது?

ஐ.சி.யு. என்றவுடன் நமக்கு யந்திரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது பிறந்த கதை வேறு.

1952-ம் ஆண்டு டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ நோய் பரவியது. மூச்சுவிடும் தசைகள் செயலிழந்த நோயாளிகள், பெரும்பாலும் குழந்தைகள், பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள். மூச்சு கொடுக்கும் யந்திரங்கள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற டாக்டர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்று செலுத்தலாம் என்று செய்து காட்டினார். பையை அழுத்த ஆட்கள் வேண்டுமே? சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் 70 நோயாளிகள் மனிதக் கைகளால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குமுன் இப்படிப்பட்ட நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். இதற்குப் பிறகு சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு, 1953-ல், இப்சன் அதே நகரத்தின் இன்னொரு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனி வார்டு ஏற்படுத்தினார். உலகத்தின் முதல் ஐ.சி.யு. என்று அதைச் சொல்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடிக் கை என்று இரவும் பகலும் ஒதுக்கியதுதான் தீவிர சிகிச்சையின் உயிர்நாடி. வெண்டிலேட்டர் பின்னால் வந்து பையை அழுத்தும் வேலையை எடுத்துக்கொண்டது. மற்ற வேலைகள் நர்சின் கையிலேயே தங்கின.

அவை என்ன வேலைகள்? மணிக்கு மணி நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர் அளவு பார்த்து எழுத வேண்டும். தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தை அழுத்தம் ஏற இறங்கக் கூட்டிக் குறைக்க வேண்டும். அசைய முடியாத உடம்பைப் புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும். மலஜலம் துடைக்க வேண்டும், வாய் கழுவ வேண்டும். கதவுக்கு வெளியே நின்று கதறும் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் நோட்டில் எழுதவும் வேண்டும். பூச்சிமருந்து குடித்துவிட்ட ஒரு நோயாளி வந்தால் வாயிலும் நெஞ்சிலும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சிக்கொண்டே, முறிமருந்தின் அளவையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த நேரம் பக்கத்துக் கட்டிலுக்கு யார்?

மூன்று அளவுகோல்கள்

இந்த வேலையை எண்ணிக்கையில் கொண்டுவரும் முயற்சி 1974-ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில் தொடங்கியது. கல்லன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 57 சிகிச்சை முறைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி கொடுத்தார்கள். 'டிஸ்' என்று அதற்குப் பெயர். நோயாளிக்கு என்னென்ன செய்யப்படுகிறதோ அதையெல்லாம் கூட்டினால் அவர் எவ்வளவு கடுமையான நிலையில் இருக்கிறார், எவ்வளவு கவனிப்பு வேண்டும் என்று தெரியும் என்பது கருத்து.

1996-ல் நெதர்லாந்து தேசத்தைச் சேர்ந்த ரைஸ் மிராண்டாவும் அவருடைய சகாக்களும் அதைச் சுருக்கி 28 இனங்களாக்கினார்கள். இது 'டிஸ்-28'. இதில் ஒரு புள்ளி என்பது நர்சின் நேரத்தில் 10.6 நிமிஷம். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு நர்ஸ் 46 புள்ளி வேலைதான் செய்ய முடியும். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய எட்டு மணி நேரம் வரும்.

இதில் என்ன குறை? பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் டாக்டர் எழுதிய சிகிச்சைகள், குழாய்கள், யந்திரங்கள். நர்ஸ் கட்டில் அருகே நின்று கவனித்த நேரம், உடம்பைத் துடைத்த நேரம், குடும்பத்தாரோடு பேசிய நேரம் போன்றவை அதில் சரிவர இடம்பெறவில்லை. நூறு நாள் வேலையில் கல்லும் வேரும் டேப்பில் வராதது போலத்தான்.

இதைச் சரிசெய்ய அதே குழு மறுபடி முனைந்தது. 15 தேசங்களில் 99 ஐ.சி.யு.க்களில் நர்சுகள் உண்மையில் எதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. 2003-ல் 'நாஸ்' என்ற புதிய அளவுகோல் வெளிவந்தது. 23 இனங்கள் கொண்டது. இதில் 100 புள்ளி என்றால் ஒரு நாள் முழுவதும், எல்லா ஷிப்டிலும், ஒரு நர்ஸ் அந்த ஒரே நோயாளியோடு. ஒரு புள்ளி 14.4 நிமிஷம். ஒரே நோயாளியின் புள்ளி 177 வரைகூடப் போகலாம். அதாவது ஒரு நர்சும் போதாது. பழைய டிஸ்-28 நர்சின் நேரத்தில் 43 சதவீதத்தைத்தான் பிடித்தது, புதிய நாஸ் 81 சதவீதத்தைப் பிடிக்கிறது என்று அந்த ஆராய்ச்சி கண்டது.

பாதிக்கு மேல் வேலை கணக்கிலேயே வராமல் இருந்திருக்கிறது, தோழர்களே! எந்த வேலை அது?

நாஸ் பட்டியலையே பார்ப்போம். வெண்டிலேட்டரில் வைத்து மூச்சுக்கு உதவி செய்வதற்கு 1.4 புள்ளி. குளிப்பாட்டுவது, துடைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது முதலியவை ஒரு ஷிப்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் 20 புள்ளி. மூன்று பேர் சேர்ந்து உடம்பைப் புரட்ட வேண்டியிருந்தால் 17. துயரத்தில் இருக்கும் குடும்பத்தாருக்கும் நோயாளிக்கும் ஆறுதல் சொல்வது, விளக்குவது ஒரு ஷிப்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் 32.

யந்திரத்துக்கு 1.4, மனிதரோடு பேசுவதற்கு 32! லட்சக்கணக்கில் விலை சொல்லி முதலாளி காட்டும் யந்திரம் நர்சின் நேரத்தில் சிறு துளியைத்தான் எடுக்கிறது. துடைப்பது, புரட்டுவது, தேற்றுவது — வீட்டில் பெண்கள் செய்தால் வேலை என்றே யாரும் எண்ணாத காரியங்கள் — அவைதான் அவளுடைய பொழுதை விழுங்குகின்றன. நர்சுகளில் ஆண்களும் உண்டு, மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெண் செய்வதால் அந்த வேலை 'சேவை' ஆகிவிட்டது. சேவை என்றால் அளக்க வேண்டாம், கூலி உயர்த்த வேண்டாம், ஆள் சேர்க்க வேண்டாம். முதலாளிக்கு எவ்வளவு வசதியான சொல்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு ஐ.சி.யு.வில் எட்டுக் கட்டில் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் கடுமையான நிலையில், ஆளுக்கு 85 புள்ளி: 255. மூன்று பேருக்கு 60 வீதம்: 180. இரண்டு பேருக்கு 40 வீதம்: 80. கூட்டினால் 515. அதாவது ஒவ்வொரு ஷிப்டிலும் ஐந்து நர்சுகளுக்கு மேல் வேண்டும். அங்கே மூன்று பேர் இருந்தால்? ஒவ்வொருவர் தலையிலும் 100-க்குப் பதில் சுமார் 172.

ஒரு மனிதரால் 172 சதவீதம் வேலை செய்ய முடியுமா? முடியாது. நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் 51 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை செய்யப்படாமலே போகிறது, அல்லது அரைகுறையாக நடக்கிறது. எது விடுபடும்? மானிட்டர் கத்தினால் ஓடித்தான் ஆக வேண்டும். விடுபடுவது புரட்டிப்போடுவது, வாய் கழுவுவது, கையைச் சரியாகக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது, தாய்க்குப் பதில் சொல்வது. படுக்கைப் புண்ணும் தொற்றுநோயும் வாசலில் நடக்கும் சண்டையும் இப்படித்தான் வருகின்றன.

இன்னொரு கணக்கு. ஒரு ஷிப்டுக்கு ஐந்து பேர் வேண்டும், மூன்று ஷிப்டு, ஆகவே 15 பேர் போதும் என்று நிர்வாகம் சொல்லும். ஆலைத் தொழிலாளியை இப்படி ஏமாற்ற முடியாது. ஓர் இடத்துக்கு வாரத்தில் 21 ஷிப்டு. வார விடுமுறை போக ஒருவர் செய்வது 6 ஷிப்டு. ஆகவே ஓர் இடத்துக்கு மூன்றரை ஆள், ஐந்து இடத்துக்குப் பதினேழரை ஆள். காய்ச்சல், பிரசவம், பண்டிகை லீவு எல்லாம் இதற்கு மேலே. பதினைந்து பேரை வைத்து ஓட்டினால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? நர்சின் வார விடுமுறையிலிருந்தும், அடுத்தடுத்து இரண்டு ஷிப்டு பார்க்கவைப்பதிலிருந்தும் வருகிறது. இதற்குச் சுரண்டல் என்று பெயர்.

பலியாவது யார்?

இது வெறும் கூலிப் பிரச்னை என்று யாராவது சொன்னால் 2002-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியைக் காட்டுங்கள். லிண்டா எய்கென் என்பவரும் சகாக்களும் பென்சில்வேனியா ராஜ்யத்தில் 168 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷனுக்கு வந்த 2,32,342 நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்தார்கள். இது ஐ.சி.யு. மட்டும் அல்ல, மொத்த ஆஸ்பத்திரியின் கணக்கு. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். நர்ஸ் ஒருவருக்கு நாலு நோயாளி உள்ள ஆஸ்பத்திரிக்கும் எட்டு நோயாளி உள்ள ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசம் 31 சதவீதம். 2014-ல் ஐரோப்பாவின் ஒன்பது தேசங்களில் நடந்த ஆராய்ச்சியும் அதே 7 சதவீதத்தில் வந்து நின்றது.

பஞ்சாலையில் சைடு கூடினால் இழை அறுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் கூடினால் அறுவது உயிர்.

அளவுகோல் மட்டும் போதுமா?

அப்படியானால் நாஸ் அளவுகோலை எல்லா ஆஸ்பத்திரியிலும் வைத்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

அளவுகோல் நிர்வாகத்தின் கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? புள்ளி குறைந்த நாளில் "இன்று ஓர் ஆள் உபரி" என்று வேறு வார்டுக்கு அனுப்புவார்கள். புள்ளி கூடிய நாளில் "சமாளித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை புள்ளி போட்டால், நள்ளிரவில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் நிலைமை மோசமானது சராசரியில் மறைந்துவிடும். புள்ளி எழுதுவதும் நர்சின் தலையில் இன்னொரு வேலையாக விழும். எழுதிய தாள் அலமாரியில் தூங்கும். 172 என்று எழுதி வைப்பதால் மட்டும் நாலாவது நர்ஸ் வந்துவிடமாட்டாள்.

சரி, புள்ளிக் கணக்கு வேண்டாம், ஒரு நர்சுக்கு இத்தனை கட்டில் என்று சட்டம் போட்டால் போதுமா? அதுவும் தனியாக நின்றால் போதாது. ஒரு நர்சுக்கு இரண்டு கட்டில் என்று விதி. 40 புள்ளி நோயாளிகள் இருவர் என்றால் 80, சமாளிக்கலாம். 85 புள்ளி நோயாளிகள் இருவர் என்றால் 170. நான் முன்னே சொன்ன இரண்டு சைடர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சைடு எண்ணிக்கை ஒன்று, பஞ்சு வேறு.

ஆகவே இரண்டும் வேண்டும். எந்த நிலையிலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் போட்ட அடித்தளம் ஒன்று. நோயாளியின் நிலைமைக்கேற்ப அதற்கு மேலே ஆள் கூட்டும் அளவுகோல் ஒன்று.

இது வெறும் ஆசையா? இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஐ.சி.யு.வில் ஒரு நர்சுக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது என்ற விதி 1970-களிலேயே வந்துவிட்டது. மற்ற வார்டுகளுக்கும் வரம்பு வேண்டும் என்று நர்சுகள் சங்கம் ஆண்டுக்கணக்கில் போராடியது. 1999-ல் சட்டம் நிறைவேறியது, 2004 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சட்டம் சொல்லும் எண்ணிக்கை குறைந்தபட்சம்தான், நோயாளியின் நிலைமையை அளந்து அதற்கு மேலும் ஆள் போட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையிலும் அந்த எண்ணிக்கை குறையக்கூடாது என்பதை எதிர்த்து ஆஸ்பத்திரி முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். 2004 நவம்பரில் கவர்னர் ஸ்வார்ஸநேகர் சட்டத்தின் அடுத்த கட்டத்தை நிறுத்திவைத்தார். நர்சுகள் அவர் போகுமிடமெல்லாம் போய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். 2005-ல் கோர்ட் நர்சுகள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் கவர்னர் பின்வாங்கினார்.

முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இது முடிந்தது என்றால், சங்கம் இருந்ததால் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ராஜ்யத்திலும் 2000-ம் ஆண்டு சங்கம் போராடிப் பெற்ற வரம்பு, 2015-ல் சட்டமாகவே ஆனது.

நம் நாட்டில்

நம் நாட்டில் எழுத்தில் குறையில்லை. ஐ.சி.யு.வில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் நெறி வகுத்தது. ஆனால் நெறி வேறு, மீறினால் தண்டிக்கும் சட்டம் வேறு.

நர்சுகளும் சும்மா இருக்கவில்லை. கேரளத்தில் 2011-லிருந்து தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் அலை அலையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டு, அதன்படி அமைந்த கமிட்டி, தனியார் ஆஸ்பத்திரி நர்சின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 கட்டிலுக்கு மேல் உள்ள இடத்தில் சர்க்கார் நர்சுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2018 ஏப்ரலில் கேரள சர்க்கார் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது. நம் தமிழ்நாட்டில் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சுகள், 2017 நவம்பரில் சென்னையில் கூடி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள்.

சம்பளமும் நிரந்தரமும் முதலில் வந்தது இயற்கை. வயிறு நிறைந்தால்தான் மற்றது. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும்: சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து, வேலைப்பளுவைக் கூட்டி மறு கையால் பிடுங்கிக்கொள்வது முதலாளியின் பழைய வித்தை. ஆகவே சம்பளக் கோரிக்கையோடு வேலைப்பளுக் கோரிக்கையும் ஒரே கொடியின் கீழ் வர வேண்டும்.

லெனின் காட்டிய வழி

அளவு என்றாலே ஆபத்து, ஆகவே எந்த அளவும் வேண்டாம் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் லெனின் இந்த விஷயத்தை எப்படிப் பார்த்தார்? டெய்லர் முறை மனிதனை யந்திரத்துக்கு அடிமையாக்குகிறது என்று 1914-ல் எழுதியவர் அவர். 1918-ல், ஆட்சி தொழிலாளி கையில் வந்தபின், அந்த முறையில் கொடிய சுரண்டலும் இருக்கிறது, விஞ்ஞானமும் இருக்கிறது. சுரண்டலைத் தள்ளி விஞ்ஞானத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். அளவை எறிந்துவிடச் சொல்லவில்லை. அது எந்த வர்க்கத்தின் கையில் என்று கேட்கச் சொன்னார்.

டெய்லரின் கடிகாரம் ஒரு மனிதனிடமிருந்து இன்னும் எவ்வளவு பிழியலாம் என்று பார்த்தது. நர்சின் அளவுகோல் ஒரு நோயாளிக்கு இன்னும் எத்தனை கைகள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லவைப்பது சங்கத்தின் வேலை.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்:

1. சர்க்கார் ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் ஒரே சட்டம் வேண்டும். வெண்டிலேட்டரில் உள்ள நோயாளிக்கு ஒரு நர்ஸ். ஐ.சி.யு.வில் மற்றவர்களுக்கும் ஒரு நர்சுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. இரவிலும் சாப்பாட்டு வேளையிலும் இதே கணக்கு.

2. அதற்கு மேல் எத்தனை பேர் என்பதை ஷிப்டுதோறும் வேலைப்பளுவை அளந்து முடிவு செய்ய வேண்டும். அளப்பது நர்சுகள். அதற்கான நேரமும் வேலை நேரத்திலேயே சேர வேண்டும்.

3. துடைப்பது, புரட்டுவது, தேற்றுவது, எழுதுவது எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

4. எத்தனை நோயாளி, எத்தனை புள்ளி, எத்தனை நர்ஸ் என்பதை வார்டு வாசலில் எல்லோரும் பார்க்க எழுதிவைக்க வேண்டும். அதுதான் நம் முத்திரை மரக்கால்.

5. லீவுக்கும் வார விடுமுறைக்கும் சேர்த்து நிரந்தர நர்சுகளை நியமிக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதியதற்காக எந்த நர்சையும் பழிவாங்கக்கூடாது.

இவற்றை நர்சுகள் மட்டும் தனியாக நின்று வெல்ல முடியாது. ஆலை நின்றால் முதலாளிக்கு நஷ்டம். நர்ஸ் வேலையை நிறுத்தினால் "நோயாளியைச் சாகவிடுகிறார்கள்" என்று முதலாளி நம்மையே அவள்மீது ஏவிவிடுவான். நோயாளியின் குடும்பமாகிய நாம் அவள் பக்கம் நின்றால் அந்த ஆயுதம் முறிந்துவிடும்.

ஆகையால் தோழர்களே, ஒரு சின்ன வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். நம் வீட்டு ஆள் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது நமக்குக் கோபம் வரும். கூப்பிட்டும் நர்ஸ் வரவில்லை என்றால் வாய் தடிக்கும். அந்த நேரத்தில் குரலை உயர்த்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிஸ்டர், இந்த ஷிப்டில் உங்கள் கணக்கில் எத்தனை கட்டில்?"

அவள் சொல்லும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், வார்டு எழுதுங்கள். அவள் பெயர் வேண்டாம். அந்தத் தாளைச் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள். நூறு தாள் சேர்ந்தால், நிர்வாகம் மறைத்து வைக்கும் கணக்கு மக்கள் கையில் இருக்கும். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நர்சுகளோடு சேர்ந்து நாம் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போவோம்.